மெயின்ஃப்ரேமுக்கு ஆள் இல்லை என்பது பாதி உண்மை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மெயின்ஃப்ரேம் எனப்படும் பெருங்கணினிகளைப் பராமரிக்கத் தகுதியுள்ள ஆட்கள் கிடைப்பதில்லை என்று நிறுவனங்கள் ஓயாமல் முறையிட்டு வருகின்றன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறையில் பணியாற்றி, ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் அமர்ந்து வருபவன் என்ற முறையில், அந்த முறையீட்டில் பாதிதான் உண்மை என்று எழுத வேண்டியிருக்கிறது.

1959இல் உருவாக்கத் தொடங்கிய கோபோல் என்ற நிரல்மொழியும், 1964இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 என்ற மெயின்ஃப்ரேமின் வழிவந்த கணினிகளும் இன்றும் வங்கி, காப்பீட்டுக் கணக்குகளைச் சுமந்து நிற்கின்றன. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து, அவற்றைக் கையாளும் பழைய கோபோல் கணினிகள் திணறியபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று செய்தியாளர்கள் முன்னிலையிலேயே கேட்டுக்கொண்டார். நிலைமை அன்றைக்கே அவ்வளவு முற்றியிருந்தது.

மொழி ஒரு தடையே இல்லை. நிரலெழுதிப் பழகியவர் சில வாரங்களில் கோபோலைப் படித்துப் புரிந்துகொள்வார். சிக்கல் எங்கே என்பதற்கு எங்கள் பிரிவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாதக் கடைசி இரவில் ஓட வேண்டிய பேட்ச் ஜாப் (கணக்குகளை மொத்தமாகச் செய்து முடிக்கும் தானியங்கி வேலை) ஒன்று, எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ வந்தால் எழும், நாங்கள் 'சாக் செவன்' என்று சொல்லும் பிழையோடு பாதியில் நின்றுவிட்டது. தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று வந்த புதியவர் நிரலை வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த மூத்தவர் டம்ப்பை (ஜாப் நின்ற நொடியில் நினைவகத்தில் இருந்தவற்றின் பதிவை) புரட்டி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் 40 40 40 என்று வந்திருப்பதை விரல் வைத்துக் காட்டினார். மெயின்ஃப்ரேம் எழுத்துகளைச் சேமிக்கும் எப்சிடிக் குறியீட்டில் 40 என்றால் வெற்றிடம். எண்ணுக்குப் பதில் வெற்றிடத்தை எழுதி அனுப்பியது எந்த நிரல் என்பதும், மாதக் கடைசியில் மட்டும் அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது; எந்த ஆவணத்திலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

இப்படிப்பட்டவர் பணியிலிருந்து விடைபெற்ற பிறகுதான் நிறுவனங்கள் விளம்பரம் கொடுக்கின்றன. கோபோல், ஜேசிஎல் (ஜாப்களை ஓட்டும் கட்டளை மொழி), சிஐசிஎஸ் (உடனடிப் பரிவர்த்தனைகளைக் கையாளும் மென்பொருள்), டிபி2 (தரவுத்தள மென்பொருள்) ஆகிய அனைத்திலும் ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் கற்றுக்கொண்டு வேறிடம் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் புதியவர்களை எடுக்க எவரும் முன்வராதபோது, அந்த ஐந்தாண்டு அனுபவத்தை ஓர் இளைஞர் எங்கே போய்ப் பெறுவார்? ஜாவா கற்பவருக்கு ஒரு மடிக்கணினி போதும். மெயின்ஃப்ரேமை வீட்டில் வாங்கி வைத்துப் பழக முடியாது. இதில் நுழைந்தால் வெளியே வர வழியிருக்காது என்று நேர்காணலில் தயங்கும் இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பளமும் பதவி உயர்வும் மற்றவர்களுக்கு இணையாக இருக்கும் என்று எழுத்தில் உறுதி தராமல் அவர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

மூத்தவர் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, அவருடைய வேலையைக் கற்றுக்கொள்வதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரே நாற்காலிக்கு இரண்டு சம்பளமா என்று நிதிப் பிரிவினர் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் புதியவரைக் கடைசி நான்கு மாதங்கள் மட்டும் மூத்தவரின் அருகில் உட்கார வைக்க முடிந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஜாப்களில் ஏறத்தாழ அறுபதுக்கு அவர்கள் குறிப்பு எழுதி முடித்தார்கள். மீதமுள்ளவை இன்றும் குறிப்பில்லாமலேதான் இரவுதோறும் ஓடுகின்றன.

இப்படிக்கு,
மெயின்ஃப்ரேம் பிரிவில் பணியாற்றும் வாசகர்