டான் என்பது சாதியா? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு நீ அனுப்பிய செய்தியைப் படித்துச் சிரித்துவிட்டேன். மேலாளர் டான், சம்பளப் பிரிவில் இருப்பவர் டான், வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அம்மா டான்; இது குடும்பக் கம்பெனியா, இல்லை டான் என்று ஒரு சாதியா என்று கேட்டிருக்கிறாய். ஊரிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். ஆகவே உனக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

குடும்பமும் இல்லை, சாதியும் இல்லை. சிங்கப்பூர்ச் சீனர்களிடையே மிக அதிகமாக வழங்கும் குடும்பப் பெயர் அது. எந்த அளவுக்கு என்றால், 2011ஆம் ஆண்டு அதிபர் தேர்தலை எடுத்துக்கொள். களத்தில் நின்றவர்கள் நான்கு பேர்: டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியன். நால்வருக்கும் இடையே உறவு எதுவும் இல்லை. யாருக்குப் போட்டாலும் டானுக்குத்தான் ஓட்டு! வாக்காளருக்குத் துணை சின்னங்கள்தாம். டோனி டானுக்கு மூக்குக் கண்ணாடி, செங் போக்குக்கு விசிறியாக விரிந்த மரம், ஜீ சேவுக்கு இதயம். கடைசியில் மூக்குக் கண்ணாடி 7,382 வாக்கு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்தது. 2023இல் நம் தர்மன் சண்முகரத்தினம் அன்னாசிச் சின்னத்தில் நின்று 70 விழுக்காட்டுக்கு மேல் அள்ளினாரே, அப்போது எதிரே நின்ற இருவரில் ஒருவர் அதே டான் கின் லியன்.

இந்த டானைச் சீனாவில் தேடினால் கிடைக்காது. அங்கே அவர் சென். சீன எழுத்து ஒன்றுதான், வாய்தான் வேறு. சீனாவின் பொதுமொழியான மாண்டரின் பேசுபவர் அதைச் சென் என்று படிப்பார். ஹோக்கியன், தியோசூ என்ற தென்சீன மொழிகளைப் பேசுபவர்களுக்கு அது டான். கான்டனீஸ்காரருக்குச் சான், ஹக்காவினருக்குச் சின். வியட்நாமுக்குப் போனால் சான் என்பதும் இல்லை, டிரான் ஆகிவிடும். நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய காலத்தில் இவர்களின் தாத்தாக்கள் தென்சீனாவின் பூஜியான் கரையிலும் குவாங்டோங் கரையிலும் ஏறினார்கள். இறங்கிய இடத்தில் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். அதனால் ஒருவர் டானா சானா என்பதை வைத்து, அவருடைய முன்னோர் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். உன் மேலாளரின் அடையாள அட்டையைப் பார்க்க நேர்ந்தால் கவனி. ஆங்கிலத்தில் டான் என்று இருக்கும்; கூடவே உள்ள சீன எழுத்து பெய்ஜிங்கில் இருக்கிற சென்னுடைய அதே எழுத்து.

அந்த எழுத்துக்கு அகராதியில் பரப்பிவைத்தல், பழையது என்றெல்லாம் பொருள் உண்டு. பெயராக வரும்போது யாரும் அதை நினைப்பதில்லை. மாண்டரினில் சென்னும் செங்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால், அறிமுகமாகும்போது "காது, கிழக்கு, அந்தச் சென்" என்று எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். இடப்பக்கம் காதுபோல் வளைந்த கோடு, வலப்பக்கம் கிழக்கு என்ற எழுத்து. உண்மையில் இடப்பக்கத்தில் இருப்பது காது அல்ல, மேட்டு நிலத்தைக் குறிக்கும் உறுப்பு. ஆனால் வழக்கு காதோடு நின்றுவிட்டது.

பெயர் வந்தது ஓர் ஊரிலிருந்து. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு ஷாங் அரசைக் கவிழ்த்த சோவ் மன்னர் ஊ, பழம்பெரும் அரசரான ஷுன்னின் வழிவந்தவர்களைத் தேடிப் பிடித்தார். கிடைத்தவர் குய் மான். அவருடைய தகப்பனார் சோவ் அரசில் மட்பாண்டத் தொழிலுக்கு அதிகாரியாக இருந்தவர் என்பது மரபு. மன்னர் தன் மூத்த மகளைக் குய் மானுக்குக் கட்டிக்கொடுத்து, சென் என்ற சிற்றரசையும் கொடுத்தார். இன்றைய ஹெனான் மாநிலத்து ஹுவாய்யாங் பகுதி அது. கன்பூசியஸ் அந்தப் பக்கம் போனபோது சென்னுக்கும் பக்கத்துச் சிற்றரசான ட்சாய்க்கும் இடையில் மாட்டிக்கொண்டு சாப்பாடு இல்லாமல் சீடர்களோடு தவித்த கதை சீனர்களிடையே பிரபலம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சூ அரசு சென் நாட்டை விழுங்கியது. நாடு போனது; நாட்டின் பெயரைக் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டவர்கள் மிச்சமானார்கள்.

அதற்கு முன்பே ஒரு கிளை தப்பியிருந்தது. கி.மு. 672இல் சென் வான் என்ற இளவரசன் உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து சீ அரசுக்கு ஓடினான். அங்கே அவன் சந்ததியார் தியான் என்ற பெயரில் வளர்ந்து, மந்திரிகளாகி, அதிகாரத்தை மெல்ல மெல்லக் கையில் எடுத்து, கி.மு. 386இல் சோவ் மன்னரின் ஒப்புதலோடு அரியணையிலும் உட்கார்ந்துவிட்டார்கள். அடைக்கலம் கொடுத்த வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட கதை.

சாதியா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். கி.மு. 209இல் சின் பேரரசை எதிர்த்து முதல் கலகக் கொடி பிடித்த சென் ஷெங் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவன். கி.பி. 557இல் சென் பாசியான் என்ற தளபதி பேரரசராகி, தன் குடும்பப் பெயரையே அரச வம்சத்துக்கும் வைத்தார். இன்றைய நான்ஜிங்கில் தலைநகர், 589 வரை ஆட்சி. கூலிக்காரனுக்கும் பேரரசருக்கும் ஒரே பெயர். அதில் மேலும் கீழும் இல்லை. ஆனால் நம் கோத்திரக் கணக்குப்போல ஒன்று இருந்தது: ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் கூடாது. இங்குள்ள பழைய தலைமுறைச் சீனரைக் கேட்டால், டான் பையன் டான் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தபோது பாட்டி முகம் கோணிய கதை ஒன்றாவது சொல்வார்.

கூட்டுக்குடும்பக் கதைகளிலும் சென்களை மிஞ்ச ஆளில்லை. ஜியாங்சியில் தேஆன் என்ற இடத்தில் ஒரு சென் குடும்பம் 300 ஆண்டுகளுக்கு மேல் பாகம் பிரிக்காமல் வாழ்ந்தது. ஒரு கட்டத்தில் 3,000க்கும் அதிகமானோர் ஒரே வீட்டுக் கணக்கு! நூறு நாய்களுக்கு ஒரே தொட்டியில் சோறு, ஒன்று வராவிட்டால் மற்றவை வாய் வைக்காது என்று ஒரு கதையும் உண்டு. நாய் சமாச்சாரத்தை நான் நம்பவில்லை. 1062இல் சோங் பேரரசரே ஆணை போட்டு அந்தக் குடும்பத்தைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பினார். அவ்வளவு பெரிய குடும்பத்தைப் பார்த்து அரண்மனைக்கே வயிறு கலங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

பெயர் தெற்கே குவிந்ததற்கு வேறொரு காரணம். 669இல் டாங் பேரரசு பூஜியானுக்கு ஒரு படையை அனுப்பியது. அதோடு வந்த சென் யுவான்குவாங் பின்னால் சாங்சோ என்ற புதிய மாவட்டத்தை நிறுவினார். மக்கள் அவரைச் சாமியாக்கிவிட்டார்கள். சென்னும் லின்னும் பாதி உலகம் என்று பூஜியானில் பழமொழியே இருக்கிறது. தைவானில் இன்று முதலிடம் சென்னுக்குத்தான். சீனப் பெருநிலத்தில் வாங், லி, சாங், லியூ ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவது; ஆள் கணக்கில் 6 கோடிக்கு மேல். அந்தப் பூஜியான்காரர்களின் கிளை ஒன்றுதான் வியட்நாமில் 1225இல் டிரான் வம்சமாகி, மங்கோலியப் படையெடுப்பை மூன்று முறை முறியடித்தது.

சாமியான சென் யுவான்குவாங்கை நீ இங்கேயே பார்க்கலாம். மேகசின் சாலையில் டான் சி சோங் சூ என்ற கோயில், 1870களில் டான்கள் தங்களுக்காகக் கட்டியது. கட்டியவர்களில் ஒருவரான டான் கிம் சிங், டான் டோக் செங்கின் மகன். லிட்டில் இந்தியா பக்கம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஓடுகிறோமே, அந்த மருத்துவமனையின் பெயருக்குரியவர் இந்த டான் டோக் செங்தான். மலாக்காவிலிருந்து வந்து காய்கறியும் கோழியும் விற்று மேலே வந்தவர். ஏழை நோயாளிகளுக்காக 1844இல் 5,000 டாலர் கொடுத்தார்.

நீ சின்ன வயதில் பார்த்துத் தீர்த்த ஜாக்கி சானும் இந்தச் சான்தான் என்று நினைப்பாய். எழுத்து அதுவே. ஆனால் அவருடைய பரம்பரைப் பெயர் ஃபாங். தகப்பனார் ஹாங்காங் போனபோது பெயரை மாற்றிக்கொண்டார். பெயரை வைத்து ரத்தத்தைத் தேடினால் இப்படியும் ஆகும்.

மின்னஞ்சலில் மேலாளரை எப்படி விளிப்பது என்றும் கேட்டிருந்தாய். நம் தலைப்பெழுத்தைப்போலவே சீனருக்கும் குடும்பப் பெயர் முன்னால் வரும். டான் வெய் மிங் என்றால் அவர் மிஸ்டர் டான். மிஸ்டர் மிங் என்று எழுதிவிடாதே. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வார்கள், ஆகவே வரவேற்பில் இருக்கும் டான் அம்மாவின் கணவர் லிம்மாகவோ வோங்காகவோ இருக்கலாம். ஒரே மின்னஞ்சலில் இரண்டு டான்களுக்கு எழுத வேண்டியிருந்தால் முழுப் பெயரையும் போடு.

அன்புடன்,
மாமா