தீனிப் போத்தலை இறக்கிவிட்டுத் தண்ணீர்ச் சட்டியை வையுங்கள்

மலையகப் பாடசாலைகளின் சுற்றாடல் முன்னோடிக் குழுக்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, அன்பான மாணவர்களே,

வெறும் பிளாஸ்டிக் போத்தலில் இரண்டு மரக்கரண்டிகளைக் குறுக்கே செருகி, அரிசி நிரப்பி, பறவைகளுக்கென்று கொய்யாக் கிளையில் தொங்கவிடும் செயற்பாடு பல பாடசாலைகளில் நடக்கிறது. பிள்ளைகள் அதையே வீட்டிலும் செய்கிறார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து ஈரத்தில் அந்தப் போத்தல் பறவைக்கு நன்மையைவிடக் கெடுதலையே கூடச் செய்யும்.

இரவில் மூடுபனி இறங்கி, காலையில் வெயில் பட்டதும் போத்தலின் உட்புறம் வியர்க்கும். கரண்டி செருகிய ஓட்டையால் சாரலும் உள்ளே போகும். மேலே இருக்கும் அரிசி காய்ந்திருக்கும்; அடியில் இருப்பது கட்டிபட்டு, சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தப் பூஞ்சணம் பறவையின் நுரையீரலைத் தாக்கக்கூடியது. "இன்னும் பாதி இருக்கிறதே" என்று பழைய அரிசியின் மேலேயே புதிய அரிசியைக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

அதைவிடப் பெரிய சிக்கல், அரிசியை யார் தின்கிறார்கள் என்பது. சிட்டுக்குருவியும் நெல்லுக்குருவியும் புறாவும் தின்னும். தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும் வேண்டும். வெள்ளைக்கண்ணி, பட்டாணிக்குருவி, தையல்சிட்டு, குண்டுகரிச்சான் எல்லாம் பெரும்பாலும் பூச்சியையே நம்பியிருப்பவை. கொண்டைக்குருவி பழத்துக்கு வரும்; நுவரெலியா போன்ற உயரங்களில் நம் நாட்டுக்கே உரிய மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியும் வீட்டுத் தோட்டத்துக்கு வரும். இவற்றுக்கெல்லாம் அரிசிப் போத்தல் வெறும் போத்தல்தான். உப்புப் போட்ட சோறும் பாணும் காகத்தையும் மைனாவையும் கூட்டும். காகம் கூடினால், பக்கத்து வேலியில் உள்ள கூட்டின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. மிச்சத்தைத் தேடி எலி வரும், எலிக்குப் பின்னால் சாரை வரும். குரங்கு ஒருமுறை ருசி கண்டுவிட்டால் உங்கள் கூரைத் தகரமும் மிஞ்சாது.

தண்ணீருக்கு இந்தத் தெரிவு இல்லை, எல்லாப் பறவைக்கும் அது வேண்டும். செலவும் ஒரு மண்சட்டியின் விலைதான். வாயகன்ற, தட்டையான சட்டியாகப் பாருங்கள். தண்ணீரின் ஆழம் ஓரத்தில் 1 சென்ரிமீற்றர், நடுவில் 4 அல்லது 5 சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஆழமான சட்டிதான் கிடைக்கிறது என்றால், பீலிக்கரையில் கிடக்கும் சொரசொரப்பான கற்களை அடியில் அடுக்குங்கள். மெழுகுபோல் வழுக்கும் பிளாஸ்டிக் பேசினில் குருவிக்குக் கால் நிற்காது. குடிக்க வந்தாலும் குளிக்க இறங்காது. பற்றையை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும், வெட்டவெளி நடுவில் வைத்தால் வல்லூறைக் கண்டு குருவி ஒளிய இடமிருக்காது. பற்றையிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி வைப்பது நல்லது. குளித்த பிறகு இறகு கோத அருகில் ஒரு காய்ந்த கொப்பை நட்டுவிடுங்கள்.

இனி நுளம்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சட்டியைக் காட்டிக் கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இருக்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுக்கும். ஆகவே தினமும், குறைந்தது இரண்டு நாளுக்கு ஒருமுறை, தண்ணீரை மண்ணில் ஊற்றி மாற்ற வேண்டும். ஊற்றினால் மட்டும் போதாது: முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தும்புப் பிரஷ் ஒன்றால் உட்சுவரைச் சுற்றித் தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் தேவையில்லை. பாடசாலை விடுமுறை தொடங்கும் அன்று சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

எல்லா மாதத்திலும் சட்டிக்கு ஒரே அளவு தேவை இராது. மேற்குச் சரிவில், அதாவது ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில்தான் அது பெரிதும் உதவும். பதுளை, பண்டாரவளை, ஹாலிஎலவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை, காய்ந்த காற்று வீசும் காலத்தில்.

அடுத்தது செடி. தோட்டங்களில் பல தனி வீடுகளுக்குக் கிடைத்த 7 பேர்ச்சஸ் நிலம் ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சுவதில் மரக்கறியும் வேண்டும், பூவும் வேண்டும். பறவைக்கென்று தனியாக இடம் கேட்கவில்லை, வேலியைக் கேட்கிறோம். முள்முருக்குப் போத்தை வேலியில் நடும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே உண்டு. மணிக்கட்டுத் தடிப்பில், ஒன்றரை மீற்றர் நீளத்தில் வெட்டி மழைக்காலத்தில் நட்டால் வேர்பிடிக்கும். ஆட்டுக்குத் தழை வெட்டும்போது எல்லாவற்றையும் மொட்டையடித்தால் பூக்காது. ஐந்தில் ஒன்றை வெட்டாமல் விடுங்கள். அதன் சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டும் மைனாவும் கொண்டைக்குருவியும் வரும். இடையில் செவ்வரத்தை. குளிர் கூடிய நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் சல்வியாவும் ஃபூசியாவும் நன்றாக வரும். வாழை குலை தள்ளியதும் பூவை உடனே ஒடிக்க வேண்டாம். தேன்சிட்டுக்கு அதைவிட நல்ல விருந்து குறைவு. நெல்லுக்குருவி வேண்டுமானால் இரண்டு கீரைத் தண்டுகளை விதை முற்றும்வரை விடுங்கள். அரிசி வாங்கும் காசு மிச்சம்.

உண்ணிச்செடியை மட்டும் நடாதீர்கள். அதன் பழத்தைக் கொண்டைக்குருவி விரும்பித் தின்னும் என்பதே காரணம்: எச்சத்தோடு விதை காட்டுக்குள் போய், அங்கே களையாகப் பரவிவிடும்.

சீனித் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்பார்கள். பூ இருக்கும்போது தேவையில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நான்கு பங்கு தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவிட்டு, 50 மில்லிலீற்றர் மட்டும், தினமும் மாற்றி. தேன், சர்க்கரை (வெல்லம்), நிறப்பொடி எதுவும் கூடாது.

தானியமே வைக்க விரும்புவோர் போத்தலை விட்டுத் திறந்த தட்டுக்கு மாறலாம். 30 சென்ரிமீற்றர் சதுரப் பலகை, நீர் வடிய மூலைகளில் 3 மில்லிமீற்றர் துளை, மேலே சிறு கூரை. காலையில் இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் அல்லது அரிசிக் குறுணல். மாலை நான்கு மணிக்கு மிச்சத்தை எடுத்துத் துடைக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு பங்கு குளோரின் வெளுப்பான், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, அலசி, வெயிலில் காயவிடுங்கள். மழை விடாத நாளில் தீனியே வேண்டாம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் கிட்டப் போனாலும் பறக்காத குருவி ஒன்றைத் தட்டில் கண்டால், இரண்டு கிழமைக்குத் தட்டை எடுத்துவிடுங்கள். நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவது அங்கேதான்.

முற்றம் கூட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். முன்முற்றத்தைத் துப்புரவாகக் கூட்டுங்கள். பின்வேலி ஓரம் ஒரு மீற்றர் அகலத்துக்குச் சருகை விட்டுவையுங்கள். ஒக்டோபர் அளவில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் பூச்சியும் புழுவும் எடுக்கும். புதிதாக வந்து சேரும் நாட்களில் அது வெளிச்சத்தைக் கண்டு வீட்டுக்குள் புகுவதும் கண்ணாடியில் மோதுவதும் உண்டு. மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். தெளிந்திருந்தால் பகலில் பற்றையருகே திறந்துவிடலாம்.

அடுத்த தவணையில் போட்டி வைப்பதானால், போத்தலின் அழகுக்குப் புள்ளி போடும் முறையை மாற்றக் கேட்கிறோம். சட்டியின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள்; வழுவழுப்பு இல்லையென்றால் பாதிப் புள்ளி கொடுங்கள். மீதியை வேலியில் வேர்பிடித்த போத்துகளை எண்ணிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலையக வீட்டுத் தோட்டங்களில் பறவைகளை அவதானித்து வருவோர்