ஸ்பீக்கர் நின்றால் எங்களுக்கு லேப்டாப்பே நின்ற மாதிரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லேப்டாப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த கட்டுரையை என் போன் வாசிக்கக் கேட்டேன். நல்ல கட்டுரை. ஆனால் ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதி முழுக்க, அந்த ஐகானைப் பாருங்கள், இந்த இடத்தில் கிளிக் செய்யுங்கள் என்றே போகிறது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மணப்பாறை பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வினாத்தாள் தட்டச்சு செய்வது, மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவு செய்வது, பாடக்குறிப்பு எழுதுவது எல்லாமே லேப்டாப்பில்தான். அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தமிழும் படிக்கும்.

ஸ்பீக்கர் நின்றுபோனால் மற்றவர்களுக்குப் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். எங்களுக்கு லேப்டாப்பில் எதுவுமே இல்லாமல் போய்விடும். விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் டிஸ்ப்ளே என்று ஒன்று உண்டு. விலை பல பத்தாயிரம் ரூபாய். எத்தனை பேரால் வாங்க முடியும்?

அரையாண்டுத் தேர்வு சமயத்தில் என் லேப்டாப் திடீரென்று ஊமையானது. கடையில் கொடுத்தேன். திரும்ப வாங்கப் போனபோது, "ஃபார்மட் அடிச்சும் பாத்துட்டோம் மேடம், சவுண்டு வரல. போர்டு போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் மதர்போர்டின் விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன். எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் ஃபார்மட். அதில் என்விடிஏவும் அழிந்துவிட்டது. போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மகனின் யுஎஸ்பி ஹெட்செட்டை வாங்கிச் செருகினேன். அதற்குள்ளேயே ஒலியை உண்டாக்கும் தனி ஆடியோ சிப் இருக்கிறது. லேப்டாப் ஸ்பீக்கர், உள்ளே இருக்கும் ஆடியோ சிப், இரண்டில் எது கெட்டிருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் விண்டோஸுடனேயே வரும் நேரேட்டர் என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். பேசியது. அந்த நிமிடமே லேப்டாப் மறுபடி என் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' அமுக்கி, வந்த பெட்டியில் 'எம்எம்சிஸ் டாட் சிபிஎல்' (mmsys.cpl) என்று தட்டி என்டர் அமுக்கினேன். ஒலி வெளியேறும் வழிகளின் பட்டியல் திறந்தது. அம்புக்குறிப் பட்டனால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தால், யுஎஸ்பி ஹெட்செட் தவிர இன்னொரு ஹெட்போனும் இணைந்திருப்பதாகச் சொல்கிறது! லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் எதுவுமே செருகியிருக்கவில்லை. ஹெட்போன் ஜாக் எனப்படும் அந்த ஓட்டைக்குள் மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று உண்டு. பின்னைச் செருகும்போது அது நகர்ந்து ஸ்பீக்கரை நிறுத்திவிடும். தூசியால் அந்தத் தகடு அப்படியே நின்றுவிட்டால், லேப்டாப் ஹெட்போன் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நான் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைப்பவள். சாக்பீஸ் தூள்தான். லேப்டாப்பை அணைத்து, அண்ணன் மகனை விட்டு புளோயரால் ஊதச் சொன்னேன். சாதாரண ஹெட்போன் பின்னைச் சில தடவை செருகிச் செருகி எடுத்தேன். ஆன் செய்ததும் ஸ்பீக்கர் பேசியது. இதைத்தான் போர்டு என்றார்கள்.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் தீராது என்பது தெரியும். ஸ்பீக்கரின் மெல்லிய ஒயர் அறுந்திருக்கலாம், ஆடியோ சிப்பே போயிருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பக்கத்து அறையில் யாரோ காதில் மாட்டியிருக்கும், முன்பே இணைத்துப் பழகிய புளூடூத் ஹெட்போனோடு லேப்டாப் தானாக இணைந்துகொண்டு, பேச்செல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கும். எச்டிஎம்ஐ ஒயரில் டிவியை இணைத்தால் ஒலி டிவிக்குப் போய்விடும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆடியோ சிப்பை இயக்கும் ரியல்டெக் டிரைவர் என்ற மென்பொருள் தகராறு செய்தால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம். டெல் போன்ற சில கம்பெனி லேப்டாப்களில் ஆன் செய்தவுடன் எஃப் 12 அமுக்கினால், விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் வரும், அதில் உறுப்புகளைச் சோதிக்கும் வசதி இருக்கும். அந்தச் சோதனையில் ஸ்பீக்கர் ஒலித்தால் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு விண்டோஸில்.

எங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. இன்சர்ட் பட்டனோடு தவறி 'எஸ்' பட்டு, என்விடிஏவின் பேச்சே அணைந்துவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று பதறி என்னைப் போனில் அழைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் காரணம். அதே இரண்டையும் பேச்சு திரும்பும்வரை ஒவ்வொரு தடவையாக அமுக்கினால் போதும். மற்றபடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி ஹெட்செட் ஒன்றையும், லேப்டாப்பில் நிறுவாமலே ஓடும் என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதி ஒன்றைப் பென்டிரைவிலும் எப்போதும் பையில் வைத்திருங்கள் என்பதே பார்வையற்ற மாணவர்களுக்கு நான் சொல்வது.

பழுது பார்க்கும் தம்பிகளிடமும் கேட்டுக்கொள்கிறேன். பார்வையற்றவர் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தால், அவரைக் கேட்காமல் ஃபார்மட் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது பாட்டு ஓடவிட்டுக் காட்டினால் மட்டும் போதாது. திரைவாசிப்பானை ஓடவிட்டு, அவரையே உட்கார வைத்து ஒரு வரி தட்டச் சொல்லுங்கள்.

தங்கள் கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். இனி கணினி பற்றி எழுதும்போது, மவுஸால் செய்யும் வழியோடு கீபோர்டு வழியையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் பகுதியை அப்படித் திருத்தி மறுபடி வெளியிட்டால் மிகவும் நல்லது. பட்டன்களின் விவரம் தேவைப்பட்டால் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியை,
மணப்பாறை.