வந்தாறுமூலையின் முதல் ஐந்து ஆண்டுகள்: உடன் பயின்றோருக்கு ஒரு திறந்த மடல்

வந்தாறுமூலையில் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1981க்கும் 1986க்கும் இடையில் பயின்ற தோழர், தோழியர் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த ஒன்றுகூடலின்போது நம் காலத்து மாணவர்களின் நினைவாக வந்தாறுமூலை வளாகத்தில் ஏதேனும் ஒன்றைக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்றும், அது ஒரு வளைவாகவோ மணிக்கூட்டுக் கோபுரமாகவோ பெயர் பொறித்த கல் இருக்கைகளாகவோ இருக்கலாம் என்றும் உங்களிற் பலர் பேசி வருவதை அறிவேன். கொடுக்க நினைக்கும் மனத்தில் குறை காண நான் யார்? ஆயினும் பணம் சேர்க்கத் தொடங்குமுன் என் கருத்தையும் ஒருமுறை கேளுங்கள். வளைவை எவரும் எப்போதும் கட்டலாம். நம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் கொப்பிகளையும் கடிதங்களையும் புகைப்படங்களையும், அவற்றில் இருப்பவர் யார் யார் என்று சொல்லும் அறிவையும், நம்மைத் தவிர வேறெவராலும் கொடுக்க முடியாது. நம்மில் இளையவர்களுக்கே அறுபது கடந்துவிட்டது.

அண்மையில் மகளோடு காரைதீவிலிருந்து புறப்பட்டு, கல்லடியின் புதிய பாலத்தைக் கடந்து, ஏறாவூரும் செங்கலடிச் சந்தியும் தாண்டி வந்தாறுமூலையில் இறங்கினேன். நம் காலத்தில் 1924இல் கட்டிய ஒடுங்கிய இரும்புப் பாலம் ஒன்றுதான் இருந்தது. எதிரே வரும் வாகனங்கள் போகும்வரை பஸ் இந்தப் பக்கத்தில் காத்து நிற்கும். திங்கட்கிழமைக் காலை விரிவுரைக்குப் பிந்தியதற்கெல்லாம் அந்தப் பாலத்தையே காரணம் காட்டியவர்கள் இந்த மடலையும் வாசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

வளாகம் விரிந்திருக்கிறது. விஞ்ஞானம், விவசாயம் என்ற இரண்டு பீடங்களோடு நாம் கண்ட இடத்தில் கலையும் வணிக முகாமைத்துவமும் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன; நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள்; மர நிழலில் தமிழோடு சிங்களமும் காதில் விழுகிறது. மகிழ்ச்சியோடுதான் சுற்றிப் பார்த்தேன். வழிகாட்டி வந்த மாணவர் மிகவும் மரியாதையானவர். நான் படித்த ஆண்டைக் கேட்டு, "அப்போது இங்கே கம்பஸ் இருந்ததா அம்மா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய கதையை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அந்தக் கதையின் வெளிக்கோடுகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் இயங்கிய வளாகத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கல்விசார் இணைப்போடு கல்லூரி தொடங்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி அது கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. இந்த இரண்டு திகதிகளையும் எந்தக் கையேட்டிலும் காணலாம். இடையில் நடந்தவை எந்தக் கையேட்டிலும் அடங்காதவை. பாடசாலை வகுப்பறையை ஆய்வுகூடமாக்கியபோது தண்ணீர்க் குழாயை எவ்வழியாகக் கொண்டுவந்தார்கள், பேராதனையிலிருந்து விரிவுரையாளர் வராத நாட்களில் பாடம் எப்படி நடந்தது, விடுதியில் இடம் கிடைக்காத பெண்பிள்ளைகளுக்கு அயல் வீடுகளில் அறை கொடுத்தவர்கள் யார் என்பவையெல்லாம் நம்மோடு போய்விடக்கூடிய விடயங்கள். 1978 நவம்பரில் அடித்த சூறாவளி தலையை முறித்துவிட்டுப் போன தென்னைகள் அப்போதும் தெருவோரம் மொட்டையாக நின்றதைச் சொல்லக்கூடியவர்களும் நாமே.

என்னிடம் இருப்பது பெரிய ஆவணம் ஒன்றுமில்லை. செயன்முறைப் பண்ணையின் மழைமானியை வாசித்து எழுதிய ஒரு கொப்பி. காலை எட்டரை மணிக்கு ஒருவர் போய் அளவைப் பார்க்க வேண்டும். திகதி, மில்லிமீற்றர், வாசித்தவரின் கையெழுத்து என்று மூன்று நிரல்கள். மாரி மாதத்து நாளொன்றில் எண் இல்லை. "மானி நிரம்பி வழிந்துவிட்டது" என்று மட்டும் யாரோ சாய்வெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மண்ணியல் விரிவுரையில் ரெகோசோல் என்று பெயர் சொல்லப்பட்ட நம் வந்தாறுமூலை மணலை நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் பூவாளியால் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பாத்தியில் நட்ட கச்சான் கடலை வாடி நிற்கும். மறுபடியும் கிணற்றடிக்கு ஓடுவோம். அந்த மணலில் என்ன விளைந்தது, எதைக் கைவிட்டோம் என்பது இன்று அதே பண்ணையில் ஆய்வு செய்யும் பிள்ளைக்குப் பயன்படாமலா போகும்?

அந்தக் கொப்பியில் நான் மிகுந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தது கையெழுத்து நிரலைத்தான். ஒரு தமிழ்ப் பெயர், ஒரு முஸ்லிம் பெயர், மீண்டும் ஒரு தமிழ்ப் பெயர் என்று முறை வைத்து வருகிறது. 1985 சித்திரையில் மூண்ட தமிழ், முஸ்லிம் கலவரத்தில் காரைதீவும் அயலூர்களும் பட்ட பாட்டை நான் இங்கே விரிக்கத் தேவையில்லை. அதற்குப் பின்னர் சில நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பிறகு அந்தப் பெயர்கள் பழைய முறைப்படியே தொடர்கின்றன. அந்த நாட்களில் நாம் ஒருவரோடொருவர் என்ன பேசினோம், எதைப் பேசாமல் தவிர்த்தோம் என்பதை இரு தரப்பாரும் எழுத வேண்டும். ஒரு தரப்பு மட்டும் எழுதினால் அது பாதிக் கொப்பி.

வெளியுலகம் வந்தாறுமூலையை அறிந்திருப்பது இழப்புகளின் வழியாகத்தான். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது பல்லாயிரம் மக்கள் அந்த வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பவில்லை. அது எண்ணாகவும் பெயர்களாகவும் இன்றுவரை நிற்பதற்குக் காரணம், உறவினரும் முகாமை நடத்திய பல்கலைக்கழகத்தினரும் பிற்காலத்தில் விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னதுதான். 2006 டிசம்பரில் உபவேந்தர் பேராசிரியர் இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற் போனதும் அவ்வாறே பதிவில் நிற்கிறது. அவை ஒருபோதும் மறக்கப்படக் கூடாதவை. அதே வேளையில், அந்த இடம் எவ்வாறு தொடங்கியது, எத்தகைய நம்பிக்கையில் ஊரார் தம் பிள்ளைகள் படித்த பாடசாலையையே விட்டுக்கொடுத்தனர் என்பதும் அவற்றின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதை இழந்தோம் என்பது அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ரொறன்ரோவில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும், உங்களிடம் உள்ள புகைப்படங்களை எடுத்து, பின்புறத்தில் பென்சிலால் பெயர்களையும் ஊர்களையும் ஆண்டையும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். நினைவுகளைப் பத்துப் பக்கமாவது எழுதுங்கள். பகிடிவதை பற்றியும் எழுதுங்கள், ஆனால் வீரக்கதையாக வேண்டாம். விரிவுரையாளரின் பெருமை பாடுவதோடு நின்றுவிடாமல், விடுதிச் சமையற்காரரையும் ஆய்வுகூட உதவியாளரையும், கடனுக்குத் தேநீர் தந்த கடைக்காரரையும் நினைவில் கொள்ளுங்கள். பிறர் எழுதிய கடிதங்களைக் கொடுப்பதாயின் அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். மூலப் பிரதிகளை ஏற்றுப் பாதுகாக்குமாறு வளாக நூலகத்தை நாம் முறைப்படி எழுதிக் கேட்கலாம். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் 'நூலகம்' என்ற நிறுவனத்திடம் ஒரு பிரதியைக் கொடுத்தால், ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் இருக்கும். அழிவு எப்படி வரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வளைவு கட்டியே தீர வேண்டும் என்போரோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. சேரும் பணத்தில் முதற்பங்கை ஒரு நல்ல ஸ்கானருக்கும், அதை இயக்கி நம்மில் முதியவர்களை நேரிற் கண்டு குரல்பதிவு செய்யும் ஓர் இளம் பட்டதாரிக்கு ஓராண்டுச் சம்பளத்துக்கும் ஒதுக்குவோம். மிஞ்சுவதில் எத்தனை அடி உயரத்துக்கு வேண்டுமானாலும் வளைவு கட்டுங்கள். உடன்படுவோரும் உடன்படாதோரும் தம் கருத்தை ஒன்றுகூடலுக்கு முன்னரே ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுத்தில் அனுப்பிவையுங்கள். தொலைபேசியில் சொன்னால் அதுவும் பதிவில் இராது.

அன்புடன்,
1982ஆம் ஆண்டு அணியின் விவசாய மாணவி ஒருத்தி,
காரைதீவு.