இஞ்சினியருக்கு 600 ரூபாய் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் கேட்டு வந்த செய்தியைப் படித்தேன். பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்க முடியாதாம்.

நான் மெக்கானிக்கல் இஞ்சினியர். நெசவுக் குடும்பம். முதல் பட்டதாரி சான்றிதழைக் காட்டி, கலந்தாய்வில் கட்டணச் சலுகை வாங்கிப் படித்தவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். போன ஐப்பசியில் ஆட்குறைப்பு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

அதே மாதம் எதிர்வீட்டு அண்ணனுக்கு விசைத்தறியில் கை மாட்டி இரண்டு விரல் நசுங்கிவிட்டது. எட்டாவதோடு நின்றவர். தெருவே திரண்டது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பேர் எழுதி வசூல் நடந்தது. நான் 500 என்று சொன்னதும் நோட்டு வைத்திருந்த பெரியவர், "ஏப்பா, இஞ்சினியரு ஐந்நூறா எழுதுறது?" என்று சிரித்தார். 1,000 ஆக்கினேன். அன்றைக்கு என் கணக்கில் இருந்தது 3,400.

அம்மா மகளிர் குழுவில் கடன் கேட்டபோதும், "பையன் இஞ்சினியரு, உனக்கென்னக்கா அவசரம்" என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலை போனதை அம்மா சொல்லவே இல்லை. நானும் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லிக்கொண்டு, ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

படிப்பால் உதவியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஹாஸ்டல் நண்பன் ஒருவன் ஒன்றும் கேட்காமல் ஜிபேயில் 5,000 போட்டான். இன்னொருவன் ஓசூரில் ஒரு இண்டர்வியூவுக்கு வழி பண்ணினான். ஆனால் ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஆட்டோ பிடித்து வந்தது, விரலில் கட்டோடு இருந்த அதே எதிர்வீட்டு அண்ணன்தான். நண்பர்கள் புனேயில் இருக்கிறார்கள், என்ன செய்வார்கள்?

படித்து முடித்ததுமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தாண்டியாயிற்று. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் என்பதும் இப்போது சரியாக வரும். 600 ரூபாயில் குடும்பம் ஓடாது, சரி. அடுத்த அறிவிப்பிலாவது, தொழிற்படிப்பு முடித்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது என்ற அந்த ஒரு வரியை அரசு எடுத்துவிட்டால் என்ன?

வரும் ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிக் கேட்கும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதல் பட்டதாரி,
அருப்புக்கோட்டை