மூவர் வாசித்த மாடியறை

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் முடிவாகியிருப்பதும், முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் தரையில் அமர்ந்து மிருதங்கம் வாசிக்கத் தொடங்கியிருப்பதும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தன. இங்கே அனைவரும் நலம். நாம் ஓடித் திரிந்த பால்மரக் காடெல்லாம் செம்பனையாகி, அந்தச் செம்பனையும் இப்போது வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் ஒரு ஜாஸ் பியானோ மூவர் குழு வந்து வாசித்ததை நான் தொலைபேசியில் சொன்னபோது, "பாட்டும் இல்லை, பாடகரும் இல்லை, மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் வாசித்தால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நீ கேட்டாய். கேட்டவன் மிருதங்கக்காரன் என்பதால் போகிற போக்கில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாகிறது.

பெரிய சாலையில், ஒட்டுப்பால் மூட்டைகள் வந்து இறங்கிய அந்தப் பழைய ரப்பர் கடை உனக்கு நினைவிருக்கும். அந்த வியாபாரியின் பேரன் கடையின் மேல்மாடியைக் கூட்டிப் பெருக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, ஏறத்தாழ நாற்பது பேர் அமரும் இசையறையாக மாற்றியிருக்கிறார். மேடை கிடையாது, முன்வரிசையில் இருப்பவர் கையை நீட்டினால் டிரம்ஸைத் தொட்டுவிடலாம். நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ ஒன்றை மேல்மூடி திறந்தபடி சுவரோரம் வைத்திருந்தார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறிவிடும் என்பதால், அன்று காலையில்தான் ஈப்போவிலிருந்து ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போனாராம்.

பியானோ வாசித்தவர் தோட்டத்துக் கிராணியார் (எழுத்தர்) ஒருவரின் பேத்தி. டபுள் பாஸ் வாசித்த பெரியவர் ஈப்போக்காரர். டிரம்ஸ் வாசித்த இளைஞர் கோல கங்சார்ப் பிள்ளை. மூவருக்கும் ஒலிபெருக்கி வைக்கவில்லை. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

டபுள் பாஸ் என்பது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், வயலின் குடும்பத்து வாத்தியம்; ஜாஸில் பெரும்பாலும் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டியே வாசிக்கிறார்கள். அந்த மாடியின் தளம் பழைய மரப்பலகை. கீழ்த்தந்தியை அவர் சுண்டியபோதெல்லாம் ஒலி காதுக்கு வந்ததோடு நிற்காமல், பலகை வழியாக உள்ளங்காலிலும் ஏறியது. டிரம்ஸ்காரர் முதல் அரைமணி நேரம் குச்சியைத் தொடவே இல்லை. கம்பித் தூரிகை இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இடக்கையால் தோலின் மீது வட்டமாக வருடியபடியே வலக்கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடலின் ஓசை, அரிசி புடைக்கும் சத்தத்தைப்போல, நின்றுவிட்டால்தான் அது இவ்வளவு நேரமும் இருந்தது என்று தெரியும். ஆயிரம் பேர் அமரும் மண்டபத்தில் இதெல்லாம் மைக் வழியாகத்தான் வந்து சேரும். வந்து சேரும்போது பாதி போயிருக்கும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அன்று அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் பல 32 அளவை ('பார்' என்னும் தாளப் பகுதி) கொண்ட பழைய மெட்டுகள். ஓர் அளவைக்கு நான்கு அடி என்றால் ஒரு சுற்றுக்கு 128 அடி. நீ இருந்திருந்தால் இரண்டாம் சுற்றிலேயே தொடையில் தாளம் போட்டுக் கண்டுபிடித்திருப்பாய். மெட்டை ஒருமுறை தெளிவாக வாசித்துவிட்டு, அதன் பிறகு அந்தச் சுற்றுக்குள்ளேயே கற்பனையாக வாசித்துக்கொண்டு போகிறார்கள். நம் இசையில் தம்பூரா ஒரே ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, ராகம் அதன்மேல் உலவுகிறது. இங்கே ஒவ்வோர் அளவையிலும், சில வேளை அதற்கு முன்பும், அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு ('கார்ட்') மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு நொடி முன் இனித்த சுரம் அடுத்த நொடியில் உறுத்தலாம். அந்த நகரும் தரையில் மூவரும் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டும், யாரும் யாருக்கும் கையசைத்துச் சொல்லாமல்.

இரண்டாவதாக வாசித்த மெதுவான மெட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண் திடீரென்று இடக்கையைப் பியானோவிலிருந்து எடுத்து மடிமீது வைத்துக்கொண்டார். கீழ்ப்பகுதி முழுவதும் வெறுமையாகிவிட்டது. பாஸ்காரர் வழக்கம்போல் அடி போட்டு அதை நிரப்பியிருக்கலாம். அவரோ கையை மேல்சுரங்களுக்குக் கொண்டுபோய், பியானோ விட்ட இடத்திலிருந்து ஒரு பாட்டைத் தொடங்கினார். டிரம்ஸ்காரர் உடனே சிம்பல் என்னும் உலோகத் தட்டை விட்டு, தோலை வருடுவதோடு நின்றுகொண்டார். பியானோ அந்தப் பாட்டின் கடைசி நான்கு சுரத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அப்போது யார் முதன்மை, யார் பக்கவாத்தியம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடிந்திராது. ஒருவர் மற்றவரைக் கேட்பதைத்தான் அந்த அறையில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

கடைசி மெட்டில் நான்கு நான்கு அளவையாகப் பியானோவும் டிரம்ஸும் மாறி மாறி வாசித்தன. தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் நீயும் கஞ்சிராவும் மாறி மாறி அளவைக் குறைத்துக்கொண்டே போகும் குறைப்பு வாசிப்பதற்கு நெருங்கிய உறவுடையதாக எனக்குப் பட்டது. ஆனால் அளவு குறைந்துகொண்டே போவதில்லை, அடியில் மெட்டின் சுற்றும் நிற்பதில்லை. அந்த மெட்டை மட்டும் கைதட்டலுக்காகச் சற்று வேகம் கூட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். முன்பிருந்த நுட்பம் அந்த வேகத்தில் மங்கிப்போனது.

வீட்டுக்கு வந்த பிறகு என் மருமகன் சில ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கொடுத்தான். 1961 ஜூன் 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை இசையரங்கில் பில் எவன்ஸ் (பியானோ), ஸ்காட் லஃபாரோ (பாஸ்), பால் மோட்டியன் (டிரம்ஸ்) ஆகிய மூவர் பிற்பகலும் இரவும் வாசித்ததன் பதிவு அதில் இருந்தது. 1935இல் தொடங்கிய அந்த இடத்தில் இன்றும் ஏறத்தாழ 120 பேர்தான் அமர முடியும். கண்ணாடிக் குவளைகள் மோதுவதும், பின்னால் யாரோ பேசிக்கொண்டிருப்பதும்கூடப் பதிவில் கேட்கின்றன. லஃபாரோவின் பாஸ் பியானோவுக்குத் தாங்கலாக நிற்காமல் அதனோடு சரிக்குச் சரி உரையாடுகிறது. அதற்குப் பதினோரு நாள் கழித்து, 25 வயதில், சாலை விபத்தில் அவர் இறந்துவிட்டார். எவன்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை. அது தெரிந்த பிறகு அந்த ஒலிப்பதிவை வேறு வேலை செய்துகொண்டு என்னால் கேட்க முடியவில்லை.

இது நமக்கு அன்னியமான இசை என்றும் சொன்னாய். விஜய் ஐயர் என்ற ஜாஸ் பியானோக் கலைஞரைக் கேட்டுப் பார். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதில் முறையாகக் கற்றது வயலின், பியானோ பெரும்பாலும் தானாகப் பழகியது. கல்லூரியில் படித்ததோ கணிதமும் இயற்பியலும். 2021இல் அவருடைய மூவர் குழு வெளியிட்ட 'அன்ஈஸி' என்ற தொகுப்பில் பாஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. அவர் பிறந்தது நம் மலேசியாவில், வளர்ந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். டிரம்ஸ் வாசிக்கும் டைஷான் சோரி 2024இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றவர். அதில் தாளம் பிரியும் விதத்தைக் கேட்டால் நீ எழுந்து உட்காருவாய்.

நண்பா, நம் திருவிழா மேடைகளை எண்ணித்தான் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. போன ஆண்டு ஒரு கோயிலில் நான் வயலின் வாசித்தபோது, பக்கத்தில் இருந்தவரின் மிருதங்கம் எனக்கு நேராகக் கேட்கவில்லை; முன்னால் வைத்த பெட்டியிலிருந்துதான் கேட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியைக் கையால் மெல்லத் தடவி நீ எழுப்பும் அந்தக் கும்காரத்தை எந்தப் பெட்டியும் இதுவரை எனக்குச் சரியாகத் தந்ததில்லை. நாம் இளைஞர்களாக இருந்தபோது பஜனை மடத்தில் ஒரு மைக்கும் இல்லாமல் வாசித்தோம். அப்போது உன் விரல் அடுத்து எங்கே போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே உன்னைக் கேட்காமலேயே ஒரு காரியம் செய்துவிட்டேன். அந்த மாடியறையை ஒரு சனிக்கிழமை மாலை நமக்குத் தர முடியுமா என்று கடைக்காரரிடம் விசாரித்தேன். வாடகை வேண்டாம், நாற்காலிகளை நாமே அடுக்கிவைத்துவிட்டுப் போனால் போதும் என்றார். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, மைக் கிடையாது. தம்பூராவுக்கு ஈப்போவில் சொல்லி வைத்திருக்கிறேன். திருமணம் முடிந்து வீடு ஓய்ந்ததும் உனக்குத் தோதான சனிக்கிழமை எது என்று எழுது. கஞ்சிராவுக்குக் கிள்ளானிலிருந்து யாரை அழைத்து வருவாய் என்பதையும் மறக்காமல் தெரிவி.

அன்புடன்,
உன் பழைய வயலின்காரன்