அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு: முதலில் அந்த ஐந்து பேரைக் கவனியுங்கள்

வணக்கம்.

கிராபிக்ஸ் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புல், வியர்வை, ஹெல்மெட்டில் விழும் வெளிச்சம், அரங்கத்தின் கூச்சல் எல்லாம் அருமையாகவே இருக்கின்றன, அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி. நான் பேச வந்தது பந்து ஸ்னாப் ஆன பிறகு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கிய பிறகு, வரும் மூன்று, நான்கு நொடிகளைப் பற்றி, அதிலும் பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையான லைனில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐந்து லைன்மேன்களைப் பற்றி. இந்த ஆட்டத்தின் உயிரே அந்த நொடிகளில்தான் இருக்கிறது, உங்கள் கேம்களில் ரொம்பவும் பொய்யாக இருப்பதும் அதுதான்.

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஜான் மேடன் தன் பெயரை ஒரு கேமுக்குத் தரும்போது போட்ட நிபந்தனை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அன்றைய கணினிகளுக்கு 22 பேரை ஒரே திரையில் ஓடவைக்கும் தெம்பு கிடையாது, ஆளைக் குறைத்துச் செய்துவிடலாம் என்ற யோசனை இருந்தது. ஒரு பக்கத்துக்கு 11 பேர் இல்லாவிட்டால் அது கால்பந்தே இல்லை என்று அவர் பிடிவாதமாக நின்றார், வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்து 1988இல்தான் ஆப்பிள் 2 கணினிக்கு அந்த கேம் வந்தது. அவர் கல்லூரியில் லைனில் ஆடியவர். பயிற்சியாளராக இருந்தபோது அவருடைய ரைடர்ஸ் அணியின் இடது பக்கத்தில் ஜீன் அப்ஷாவும் ஆர்ட் ஷெல்லும் தோளோடு தோள் நின்றார்கள், இருவருமே பின்னாளில் பெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். அப்படிப்பட்டவர் கேட்டு வாங்கிய 11 பேரில் ஐந்து பேர் லைன்மேன்கள். அந்த ஐந்து பேருக்குத்தான் இன்றுவரை சரியாக உயிர் வரவில்லை.

லைன்மேன் செய்யும் வேலை வெறுமனே எதிரில் நிற்பவரைத் தள்ளுவது இல்லை. பந்தோடு ஓடும் ரன் ஆட்டத்தில் லைனின் நடுவில் நிற்கும் சென்டரும் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து எதிரணியின் பெரிய ஆளை முட்டி நகர்த்துவார்கள், அவர் அசைந்ததும் இருவரில் ஒருவர் கழன்று, அந்தப் பெரிய ஆளுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பிடிக்கப் போவார். சீக்கிரம் கழன்றால் பெரிய ஆள் உள்ளே புகுந்துவிடுவார், தாமதித்தால் லைன்பேக்கர் பந்தோடு வருபவரைப் பிடித்துவிடுவார். அந்தக் கணத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். கேமில் என்ன நடக்கிறது? கழன்ற ஆள் கண்ணெதிரில் நிற்கும் லைன்பேக்கரைத் தாண்டி ஓடிப்போய் இருபது யார்டு தள்ளி நிற்கும் கடைசித் தற்காப்பு ஆளான சேஃப்டியைத் தேடுகிறார். தடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்குக் குட்டையாக எறியும் ஸ்கிரீன் பாஸ் போட்டால், முன்னால் போய் வழி திறக்க வேண்டிய கார்டு பாதி வழியில் நின்று யாரைத் தடுப்பது என்று யோசிக்கிறார், பந்தோடு வருபவர் அவர் முதுகிலேயே முட்டிக்கொள்கிறார்.

இதற்குக் காரணம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேர் மோதும்போது அதை இரண்டு உடல்களின் மோதலாகக் கணக்கிடாமல், முன்பே பதிவு செய்த ஒரு ஜோடி அனிமேஷனை எடுத்து ஓட்டுகிறீர்கள். அது தொடங்கிய நொடியில் முடிவும் எழுதியாகிவிட்டது. அதனால்தான் ஒரு கை தூரத்தில் தப்பிப் போகிறவரைக் காந்தம் மாதிரி பிளாக், அதாவது தடுப்பு, இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் பின்பக்கத்திலிருந்து சட்டையைத் தொட்டவர்கூட ஆளைக் கீழே வீழ்த்தும் முழு டேக்கிள் போட்டு முடிக்கிறார். கபடியில் கணுக்காலைப் பிடித்தால் ஒரு விதமாக விழுவார்கள், இடுப்பைப் பிடித்தால் இன்னொரு விதமாக விழுவார்கள், எடையும் வேகமும் கோணமும்தான் அதை முடிவு செய்யும். இங்கேயும் அதே சங்கதிதான். அதே பெயர் வரிசையில் வந்த மேடன் 13 கேமில் இன்ஃபினிட்டி என்ற இயற்பியல் எஞ்சினைக் கொண்டுவந்தபோது இந்தத் திசையில்தான் எல்லாம் போகப்போகிறது என்று நினைத்தோம். டேக்கிளில் கொஞ்சம் போனது, லைனுக்கு அது வந்து சேரவே இல்லை.

அப்புறம் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பின்னால் ஓடும் விஷயம். ஆன்லைனில் ஆடினால் எதிரில் ஆடுபவர் ஒவ்வொரு தடவையும் பதினைந்து, இருபது யார்டு பின்னால் ஓடி, அங்கிருந்து மைதானத்தின் மறுகோடிக்கு எறிகிறார். நிஜத்தில் இதை யாரும் செய்யாததற்குக் காரணம் விதி இல்லை, லைன்தான். லைனின் ஓரத்தில் நிற்பவர், வெளிப்பக்கமாகச் சுற்றி வரும் எதிரியை இன்னும் அகலமாக வளைத்துத் தள்ளி, குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் கடத்திவிடப் பார்ப்பார். குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டுக்குள் நிற்பார் என்று நம்பித்தான் அதைச் செய்கிறார். இருபது யார்டு பின்னால் போனால் குவார்ட்டர்பேக் தானாகவே அந்த எதிரியின் கையில் போய் விழுவார். உங்கள் லைனில் அந்தக் கோணங்கள் உண்மையாக இருந்தால் இந்தக் குறுக்கு வழி தானே ஒழிந்துபோகும், தனியாக ஒரு தடை போட வேண்டியதே இல்லை.

தற்காப்புப் பக்கம் வேறொரு நோய், யாருக்கு என்ன தெரியும் என்பதில் இருக்கிறது. பந்தைப் பிடிக்கப் போகும் ரிசீவரோடு, பந்துக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கும் தற்காப்பு ஆளான கார்னர்பேக், திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான நொடியில் எகிறிப் பந்தைத் தட்டிவிடுகிறார். ரிசீவர் திரும்பும் அதே நொடியில் அவரும் திரும்புகிறார், பார்த்துச் சுதாரிக்க எடுக்கும் அந்தக் கால் நொடிகூட இல்லை. கணினிக்குப் பந்து எங்கே விழும் என்று தெரியும், சரி, அது அந்த ஆட்டக்காரருக்கு எப்படித் தெரிந்தது? ரன் போல நடித்துவிட்டுப் பாஸ் எறியும் பிளே ஆக்‌ஷனிலும் இதே கதைதான். நிஜ லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதைவிட எதிரணி கார்டுகளைத்தான் அதிகம் பார்ப்பார்: கார்டு முன்னால் பாய்ந்தால் ரன், பின்வாங்கினால் பாஸ், பக்கவாட்டில் ஓடினால் அவர் பின்னாலேயே போ. கார்டுகள் நன்றாக நடித்தால் லைன்பேக்கர் ஏமாறுவார். அரை நாள் ரன்னாகவே ஆடி அவரை முன்னால் இழுத்துவிட்டு, பிறகு தலைக்கு மேல் எறிவதுதான் இந்த ஆட்டத்தின் பழைய சுகம். கேமில் அவர் ஏமாறுவதும் ஏமாறாததும் ஒரு எண்ணைப் பார்த்துப் போட்ட பகடை மாதிரி இருக்கிறது, நான் முந்தைய இருபது தடவைகளில் செய்ததற்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் தெரியவில்லை.

உங்களால் முடியாது என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் காலேஜ் ஃபுட்பால் 25 வந்தபோது, எதிரணி மைதானத்தின் இரைச்சலில் அனுபவம் குறைந்த ஆட்டக்காரர்களுக்கு ஓட வேண்டிய பாதைக் கோடுகள் நெளிந்து குழம்புகிற மாதிரி செய்திருந்தீர்கள். எவ்வளவு நல்ல யோசனை! மைதானத்தில் நிற்பவருக்கு என்ன தெரியாது என்பதைக் காட்டியது அது. அதே கவனத்தை முதுகு காட்டி ஓடும் கார்னர்பேக் மீதும் வையுங்கள்.

எதிராளியைக் கையால் பிடித்து இழுக்கும் குற்றமான ஹோல்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிஜ ஆட்டத்தில் அடிக்கடி நடுவரின் கொடி விழும் குற்றங்களில் அது ஒன்று, பத்து யார்டு போகும், நல்ல ரன்னை ரத்து செய்யும், பயிற்சியாளரின் திட்டத்தையே மாற்றும். கேமின் அமைப்பில் அதற்கான ஸ்லைடரைத் தூக்கி வைத்தாலும் அது எப்போதாவதுதான் வருகிறது, வந்தாலும் நிஜமாகவே பிடித்து இழுத்ததற்காக வருவதில்லை.

2004 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தன் அணிகளின் பெயரையும் சின்னத்தையும் மேடன் கேம்களைச் செய்யும் இ.ஏ. நிறுவனத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தது. அந்த ஆண்டுதான் போட்டி கேமான இ.எஸ்.பி.என். என்.எஃப்.எல். 2கே5 வெறும் 19.99 டாலருக்கு வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. அதற்குப் பிறகு கடையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க நிஜ அணிகளோடு வேறொரு முழு சிமுலேஷன் கேம் இல்லை. லைனில் நடக்கும் தவறுகள் இத்தனை ஆண்டுகள் தாங்கியதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உரிமத்தைத் தரும் என்.எஃப்.எல். லீக்கும் இதைப் படிக்க வேண்டும்: உங்கள் ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது என்பதை உலகம் முழுக்க எத்தனையோ பேர் இந்த கேம்கள் வழியாகத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

கேட்பது இதுதான். ஒரே ஒரு வருடம் ஆட்டக்காரர்களுக்கான புதிய சிறப்புச் சக்திகளையும் ஆட்டக்காரர் அட்டைப் பொதிகளையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லைன் வேலைக்குத் தனிக் குழு போடுங்கள், ஓய்வு பெற்ற லைன்மேன்கள் சிலரை அதில் சம்பளத்துக்கு வையுங்கள், பந்தையும் குவார்ட்டர்பேக்கையும் திரையிலிருந்து மறைத்துவிட்டு லைனை மட்டும் அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நடந்தது ரன்னா பாஸா என்று அவர்களால் அதை வைத்துச் சொல்ல முடிகிற வரைக்கும் வெளியிடாதீர்கள்.